தோற்ற தளபதியின் கணக்கு



ஒரு பழைய புகைப்படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். நான்கு வெள்ளைக்கார அதிகாரிகள் சாலையில் நடந்து வருகிறார்கள். தலையில் இரும்புத் தொப்பி, காலில் நீண்ட உறை, அரைக் காற்சட்டை. ஒருவர் தோளில் பிரிட்டிஷ் கொடி, இன்னொருவர் தோளில் வெள்ளைக் கொடி. கூடவே ஒரு ஜப்பானிய அதிகாரி. ஓரத்தில் உயரமாய், ஒல்லியாய் நடந்து வருகிறவர்தாம் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் எர்னஸ்ட் பெர்சிவல். மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் தளபதி.

நாள் 1942 பிப்ரவரி 15, ஞாயிற்றுக்கிழமை. அன்று சீனப் புத்தாண்டும் கூட. புக்கிட் தீமாவில் இருந்த போர்ட் மோட்டார் தொழிற்சாலையில் ஜப்பானியத் தளபதி யாமஷித்தா காத்திருந்தார். மாலையில் பெர்சிவல் கையெழுத்திட்டார். "வெள்ளைக்காரனை யாராலும் அசைக்க முடியாது" என்று நம் தோட்டங்களில் நிலவிய நம்பிக்கை அந்தக் கையெழுத்தோடு தீர்ந்துபோனது.

அந்த மனிதர் யார்? ஏன் தோற்றார்? தோற்றபின் என்ன எழுதினார்? அவர் எழுதியதில் நமக்கு என்ன இருக்கிறது? இவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

கிராணியாய் இருந்தவர்

பெர்சிவல் 1887 டிசம்பர் 26-இல் இங்கிலாந்தின் ஹார்ட்போர்ட்ஷயர் மாவட்டத்தில் பிறந்தார். அவருடைய தகப்பனார் ஒரு பெரிய பண்ணை நிலத்தை மேற்பார்வை செய்தவர். மகன் ரக்பி பள்ளியில் படித்தார். படிப்பு முடிந்ததும் இராணுவக் கல்லூரிக்குப் போகவில்லை. லண்டனில் இரும்புத்தாது வணிகம் செய்த ஒரு நிறுவனத்தில் கிராணி வேலையில் சேர்ந்தார். ஆம், நம் ஊர்க் கிராணிமார் போலக் கணக்கும் கடிதமும் எழுதிக்கொண்டிருந்தவர்தாம்.

1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. 26 வயதில், சாதாரணச் சிப்பாயாய்ப் பெயர் கொடுத்தார். சில வாரங்களில் அதிகாரி ஆனார். பிரான்சில் சோம் போர்முனையில் 1916-இல் வெடிகுண்டுச் சிதறல்கள் உடம்பில் பாய்ந்தன. பிழைத்து எழுந்து மீண்டும் போருக்குப் போனார். வீரப் பதக்கங்கள் பெற்றார். போர் முடியுமுன் ஒரு பட்டாளத்தையே நடத்தினார். 1919-இல் வட ரஷ்யாவிலும் சண்டை செய்தார். ஆகவே, அவரைக் கோழை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு கறையும் உண்டு. 1920, 1921 ஆண்டுகளில் அவர் அயர்லாந்தில், கார்க் வட்டாரத்தில் உளவுப் பிரிவு அதிகாரியாய் இருந்தார். அங்கு சுதந்திரம் கேட்டுப் போராடியவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார் என்று அந்நாட்டுப் போராளிகள் அவர்மீது குற்றம் சாட்டினர். அயர்லாந்து மக்கள் அந்தப் பெயரை மறக்கவில்லை. ஒரு மனிதரின் கதையைச் சொல்லும்போது நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் அல்லவா?

முன்பே தெரிந்த ஆபத்து

1936 முதல் ஈராண்டுகள் பெர்சிவல் மலாயாவில் வேலை பார்த்தார். அப்போது ஜெனரல் டோபி என்பவர் இங்கே தளபதி. அவருக்குக் கீழே தலைமை அலுவலராய் இருந்த பெர்சிவல், 1937-இல் ஓர் ஆய்வு தயாரித்தார். "ஜப்பான் படையெடுத்தால் கடல் வழியாய் நேரே சிங்கப்பூருக்கு வரும் என்று எண்ணாதீர்கள். தென் தாய்லாந்தின் சிங்கோரா, பட்டாணி கரைகளிலும் கிளந்தானின் கோத்தா பாருவிலும் இறங்கி, வடக்கிலிருந்து தெற்கே வருவார்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்திலும் அவர்களால் இறங்க முடியும்" என்பது அதன் சாரம்.

நான்கு ஆண்டுகள் கழித்து அப்படியே நடந்தது. வரப்போகும் வெள்ளத்தை முன்கூட்டியே சொன்னவர் கையிலேயே அணை கட்டும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. 1941 மே மாதம் மலாயாவின் தளபதியாக அவர் சிங்கப்பூர் வந்து இறங்கினார்.

வந்து பார்த்தால் கையில் என்ன இருந்தது? டாங்கி ஒன்றுகூட இல்லை. கேட்டும் கிடைக்கவில்லை. போர் தொடங்கியபோது இருந்த முன்னணிப் போர் விமானங்கள் 158 மட்டுமே. அவற்றிலும் பல பழையவை. படையில் ஏறக்குறைய 88,000 பேர் இருந்தனர். அவர்களில் சுமார் 37,000 பேர் இந்தியச் சிப்பாய்கள். ஊரை விட்டுப் புதிதாய் வந்த இளைஞர்கள் பலர் டாங்கியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. நல்ல டாங்கியும் நல்ல விமானமும் ஐரோப்பாவுக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் போய்க்கொண்டிருந்தன. மலாயா கடைசிப் பந்தியில் உட்கார்ந்த விருந்தாளியாய் இருந்தது.

கூலியும் காப்பரணும்

வாசகர்களே, இந்த இடத்தில் நீங்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். இங்கேதான் தளபதியின் கதையும் நம் தோட்டத்துக் கதையும் ஒன்றையொன்று தொடுகின்றன.

பெர்சிவல் வந்து இறங்கிய அதே 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. போர்க் காலத்தில் ரப்பருக்கு நல்ல விலை. ஆனால் பால் வெட்டியவனுக்கு உயர்ந்தது விலைவாசிதான். தொழிலாளர் என்ன கேட்டார்கள்? சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடுங்கள். கொடுமை செய்யும் கிராணியை மாற்றுங்கள். எங்கள் பெண்களிடம் தவறாய் நடப்பதை நிறுத்துங்கள். பிள்ளைகளுக்குப் படிப்பும், நோய்க்கு மருந்தும் வேண்டும். கள்ளுக்கடையை மூடுங்கள். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிடுங்கள். இவ்வளவுதான்.

பதில் என்ன? தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பட்டாளம் இறங்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் இழந்தனர். ஜப்பானியரை எதிர்க்க வைத்திருந்த துப்பாக்கி, முதலில் பால்மரக் காட்டில் நின்ற நம்மவர்கள் பக்கம் திரும்பியது.

இனி இன்னொன்று. காப்பரண் கட்டவும் பதுங்குகுழி வெட்டவும் ஆயிரக்கணக்கான ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆட்கள் எங்கே இருந்தார்கள்? தோட்டத்திலும் ஈயச் சுரங்கத்திலும். ஆனால் "ரப்பரும் ஈயமும் குறையக்கூடாது, அவைதாம் போருக்கு டாலர் கொண்டுவருகின்றன" என்பது லண்டனின் உத்தரவு. ஆகவே தோட்டத்து ஆளை எடுக்க முடியாது. வெளியாளை எடுக்கலாம் என்றால், லண்டன் போர் அலுவலகம் அனுமதித்த கூலி வெளியே கிடைத்த கூலியைவிடக் குறைவு. அந்தக் கூலிக்கு ஆள் வரவில்லை. தொழிலாளர் கிடைக்காத இந்தச் சங்கடத்தைப் பெர்சிவலும் பதிவு செய்திருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள். கோடிக்கணக்கில் செலவழித்துக் கடற்படைத் தளம் கட்டியவர்கள், மண் வெட்டுபவனுக்குச் சில காசு கூட்டிக் கொடுக்கக் கணக்குப் பார்த்தார்கள். ஒரு பேரரசு தடுமாறிய காரணங்களில் அந்தச் சில காசும் ஒன்று.

ஆனால் குற்றம் முழுவதையும் லண்டன் தலையில் கட்டிவிட முடியாது. பெர்சிவலின் தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் சிம்சன். 1941 டிசம்பர் கடைசியில், "சிங்கப்பூரின் வடகரையில் உடனே அரண் கட்டுவோம். பொருளும் இருக்கிறது" என்று தளபதியிடம் மன்றாடியதாகத் தம் நூலில் எழுதியிருக்கிறார். பெர்சிவல் இணங்கவில்லையாம். அரண் கட்டினால் வீரர்களும் மக்களும் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்றாராம். வருமுன் காக்க வேண்டியவர் வந்தபின்னும் தயங்கினார்.

எழுபது நாள்

1941 டிசம்பர் 8 நள்ளிரவு கடந்த வேளையில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 10-ஆம் தேதி பிரின்ஸ் ஆப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் குவாந்தானுக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. ஜித்ராவில் போட்ட அரண் இரண்டே நாளில் உடைந்தது. பினாங்கில் ஐரோப்பியர் இரவோடு இரவாகக் கப்பலேற்றப்பட்டனர். ஆசிய மக்கள் கைவிடப்பட்டனர். "துரை நம்மைக் காப்பாற்றுவார்" என்று இருந்தவர்களுக்கு அதுவே முதல் பாடம்.

ஜப்பானியச் சிப்பாய்கள் சைக்கிளில் வந்தார்கள். ரப்பரும் ஈயமும் ஏற்றிச் செல்ல வெள்ளைக்காரன் போட்ட நல்ல சாலைகளிலேயே வந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் சக்கரத்திலேயே கடகடவென்று ஓட்டினார்கள். எந்த ஊரில் சைக்கிளை விட்டு இறங்காதவன் குற்றவாளி என்றார்களோ, அந்த ஊரைச் சைக்கிள் படை பிடித்துக்கொண்டு வந்தது.

கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் ஊன்றி நின்று சில நாள் தடுத்தன. ஆனால் 1942 ஜனவரி 7-ஆம் தேதி விடியற்காலை சிலிம் ரிவர் அருகே சுமார் முப்பது டாங்கிகள் சாலை வழியே பாய்ந்தன. தொரோலாக் முதல் குளூனி தோட்டம் வரை, பால்மரங்களுக்கு நடுவே இருந்த இரண்டு பிரிகேடுகள் ஒரு காலைப் பொழுதில் சிதறின. 11-ஆம் தேதி கோலாலம்பூர் விழுந்தது. ஜனவரி 31-ஆம் தேதி காலை கடைசிச் சிப்பாயும் ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்தபின் பாலம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

பிப்ரவரி 8 இரவு ஜப்பானியர் சிங்கப்பூர்த் தீவில் இறங்கினர். நீர்த்தேக்கங்கள் அவர்கள் கைக்குப் போயின. நகருக்குள் பத்து லட்சம் மக்கள் வரை அடைந்து கிடந்தார்கள். குழாய்கள் உடைந்து தண்ணீர் வீணாய் ஓடியது. "கடைசி வரை போராடு, படையையும் மக்களையும் காப்பதை எண்ணாதே" என்பது பிரதமர் சர்ச்சிலின் கண்டிப்பு. பெர்சிவல் தம் தளபதிகளைக் கூட்டிப் பேசினார். தண்ணீரும் பெட்ரோலும் வெடிமருந்தும் தீரும் நிலை. மேலிடமும் கடைசியில் முடிவை அவரிடமே விட்டது. அவர் சரணடைந்தார்.

யாமஷித்தாவின் படை எண்ணிக்கையில் சிறியது. அவரிடமும் குண்டு தீர்ந்துகொண்டிருந்தது. மிரட்டித்தான் வென்றேன் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அது பெர்சிவலுக்குத் தெரியாது. இன்னும் சில நாள் போராடியிருந்தால் மாறியிருக்குமா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். ஆனால், தெருத்தெருவாய்ச் சண்டை நடந்திருந்தால் நகரத்து மக்கள் எத்தனை பேர் செத்திருப்பார்கள்? அந்தக் கேள்வியையும் கேட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

சிறையும் பேனாவும்

பெர்சிவல் மூன்றரை ஆண்டுகள் கைதியாய் இருந்தார். முதலில் சாங்கி, பிறகு பார்மோசா தீவு, கடைசியில் மஞ்சூரியா. 1945 செப்டம்பர் 2-ஆம் தேதி டோக்கியோ குடாவில் மிசூரி கப்பலில் ஜப்பான் சரணடைந்தபோது, ஜெனரல் மக்கார்தர் அவரைத் தம் பின்னால் நிற்க வைத்தார். கையெழுத்திட்ட பேனாக்களில் ஒன்றை அவரிடம் கொடுத்தார். மறுநாள் பிலிப்பைன்ஸின் பாகியோவில் யாமஷித்தா சரணடைந்தார். அதையும் பெர்சிவல் நேரில் பார்த்தார்.

சக்கரம் சுழன்றது. ஆனால் தாய்நாட்டில் அவருக்கு மரியாதை திரும்பவில்லை. 1946-இல் ஓய்வு பெற்றார். அந்தப் பதவியில் இருந்தவர்களுக்கு வழக்கமாய்க் கிடைக்கும் 'சர்' பட்டம் கொடுக்கப்படவில்லை. ஓய்வூதியத்தையும் ஒரு படி கீழான பதவிக்கு உரியதாகவே கணக்கிட்டார்கள். சிங்கப்பூர் ஏன் விழுந்தது என்று விசாரிக்க ஒரு கமிஷன்கூட அமைக்கப்படவில்லை. விசாரித்தால் பல பெரியவர்களின் பெயர் வெளியே வருமே!

ஆகவே அவரே எழுதினார். 1949-இல் 'மலாயாவில் போர்' என்ற பொருள்படும் தலைப்பில் அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. சுவையான கதைபோல் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கிராணி எழுதிய பேரேடு போல் நிதானமாய், வறட்சியாய் இருக்கும். எத்தனை படை கேட்டேன், எத்தனை வந்தது, எந்த நாள் எந்தப் பாலம் போனது என்ற கணக்கு. அவர் யாரையும் வசைபாடவில்லை. தமக்குக் கீழே இருந்தவர்கள்மேல் பழியைத் தள்ளிவிட்டுத் தப்பிக்கவும் இல்லை. கோபம் வரவேண்டிய இடங்களிலும் குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அந்த நூல் அவர் பெயரைத் தூக்கி நிறுத்தவும் இல்லை.

என்றாலும் ஒன்று சொல்வேன். வென்றவர் எழுதுவது எளிது. தோற்றவர் உட்கார்ந்து தம் தோல்வியை நாள்வாரியாய் எழுதிவைப்பது கடினம். அதைச் செய்தார். இன்று இந்தப் போரைப் பற்றி எழுதுகிறவர்கள், அவரைத் திட்டுவதற்கும்கூட அவர் எழுதிய கணக்கைப் பார்க்கிறார்கள்.

பிற்காலத்தில் அவர் முன்னாள் போர்க்கைதிகள் சங்கத்தின் தலைவராய் உழைத்தார். முடக்கப்பட்ட ஜப்பானியச் சொத்திலிருந்து அந்தக் கைதிகளுக்காக 50 லட்சம் பவுன் கிடைக்கப் பாடுபட்டார். சயாம் ரயில்பாதையை வைத்து 1957-இல் 'குவாய் நதிப் பாலம்' என்ற ஆங்கிலப் படம் வந்தபோது, "எங்கள் வீரர்கள் பட்ட பாடு இது அல்ல" என்று எதிர்ப்புக் கிளப்பினார். கதை கற்பனையே என்ற அறிவிப்பைப் படத்தில் சேர்க்கச் செய்தார். 1966-இல் தம் 78-ஆம் வயதில் காலமானார். நாள், ஜனவரி 31. சரியாக 24 ஆண்டுகளுக்குமுன் அவர் படை கடற்பாலத்தைக் கடந்த அதே நாள்.

விடுபட்ட பக்கம்

சயாம் என்றதும் உங்களில் பலருக்கு நெஞ்சு துணுக்குற்றிருக்கும். அந்த 415 கிலோமீட்டர் பாதையைப் போட்டவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டும்தானா? மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் கொண்டுபோகப்பட்டனர். பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியும், லாரியில் பிடித்துப்போட்டும் கொண்டுபோனார்கள். பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் அடியிலும் மாண்டவர்கள் பல்லாயிரம். தாலி கட்டிய மூன்றாம் மாதமே புருஷனை அனுப்பிவிட்டு, அவன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாமலே கிழவியானவர்கள் நம் லயங்களில் இருந்தார்கள்.

தாய்லாந்தின் கஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பட்டியல் இருந்தது. தளபதி இருந்தார். நினைவுநூல் இருந்தது. கேட்டு வாங்கச் சங்கமும் இருந்தது. அழுத பிள்ளைக்குப் பால் என்பார்கள். நம்மவர்களும் அழுதார்கள். ஆனால் அந்த அழுகை எழுத்தில் ஏறவில்லை. பெர்சிவல் பெற்றுத்தந்த பணத்தில் சயாம் போன தோட்டத் தொழிலாளிக்குப் பங்கில்லை. அவர் எதிர்ப்புத் தெரிவித்த அந்தப் படத்திலும் நம் ஆளைக் காண முடியாது.

இதற்காக நான் பெர்சிவலைக் குறை சொல்லவில்லை. அவர் தம் ஆட்களுக்காகப் பேசினார். தம் கணக்கை எழுதினார். நம் ஆட்களுக்காக அவர் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. நம் கணக்கை நாம்தான் எழுத வேண்டும்.

காலம் கடந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். அன்று வாலிபராய் இருந்தவர்கள் இன்று அநேகமாய் இல்லை என்பது உண்மைதான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டதும் உண்மைதான். ஆனால் அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், இப்போது எழுபது எண்பது வயதுத் தாத்தா பாட்டிகளாய் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் கேளுங்கள். எந்தத் தோட்டம்? யாரைப் பிடித்துப்போனார்கள்? எந்த ஆண்டு? யார் திரும்பி வந்தார்? வந்தவர் என்ன சொன்னார்? வராதவர் பெயர் என்ன?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். உங்கள் பிள்ளையின் பழைய நோட்டுப் புத்தகத்தில் எழுதாத தாள்கள் நாலு இருந்தால் போதும். தாத்தா சொல்லச் சொல்லப் பேரனோ பேத்தியோ எழுதட்டும். பெயரை மட்டுமாவது எழுதட்டும். அதையும் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமையே எழுதட்டும்.